குறட்டை ரிப்பேர்

என் மூக்கில் இருந்த கிளிப் ஒரு தும்மலில் பறந்துபோய், கணக்கு டீச்சர் வீட்டு வாஷிங் மெஷினுக்குள் விழுந்தது. டிரம்முக்குள் விழுந்திருந்தால் கையை விட்டு எடுத்திருப்பேன். டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. அதில் போய்த்தான் விழுந்தது. மெஷின் அப்போது சோதனை ஓட்டத்தில் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் சற்று முன்புதான் கழற்றித் துடைத்து மாட்டியிருந்த பம்பில் கிளிப் போய்ச் சிக்க, கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

"இந்தச் சத்தத்துக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?" என்றார் டீச்சர்.

"அது பழைய சத்தம் மேடம். இது வேற. இது நான் போட்டது."

"மூக்குல எதுக்குக் கிளிப்பு? எங்க வீட்டுத் துணி அவ்வளவு நாத்தமாவா இருக்கு?"

விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அது குறட்டையைத் தடுக்கும் கிளிப். பழகிக்கொள்வதற்காகப் பகலிலும் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்ளும்படி அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. தும்மினால் என்ன ஆகும் என்று போடவில்லை. மெஷினை மறுபடி சாய்த்துப் படுக்கவைத்து, பம்பைக் கழற்றி, கிளிப்பின் பாதியை மீட்டேன். மீதிப் பாதி கழிவுநீர்க் குழாயில் எங்கேயோ பயணம் போய்க்கொண்டிருந்தது. தப்பான விடையைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கும் மாணவனைப் பார்ப்பதுபோல டீச்சர் கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தொழில் இதுதான். வாஷிங் மெஷினோ ஃப்ரிட்ஜோ ஃபேனோ, எது சத்தம் போட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். போய் நிறுத்திவிட்டு வருவேன். சத்தம் வந்தால் கோளாறு, சத்தம் நின்றால் சரியாகிவிட்டது. இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன். இப்போது அந்த விதியை என் சொந்தத் தொண்டையில் பிரயோகம் செய்துகொண்டிருந்தேன். காரணம், என் மனைவியின் வேலை.

அவள் மருந்துக் கடையில் இருக்கிறாள். டாக்டர் கிறுக்கிய சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. என் கையெழுத்தையே படிக்கத் தெரிந்தவள் என்பதால் அவளுக்கு அது கைவந்த கலை. எந்தப் பெரியவருக்கு எந்த மாத்திரை தீர்ந்திருக்கும் என்று அவர் படியேறும்போதே எடுத்து வைத்துவிடுவாள். அந்த கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போது அவள் முகத்தில் ஒரு களை வரும். எங்கள் வீட்டுக்குள் அது வருவதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வீட்டில் நான் இருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக நின்றுகொண்டே தூங்கிவிழ ஆரம்பித்தாள். ஒருநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டு வந்தவருக்குக் காதுக்கு விடுகிற மருந்தைக் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, வீட்டுக்குப் போகுமுன் அவரே படித்துப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்தார். கடை முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டு, இது துணிக்கடை இல்லை, நீலத்துக்குப் பதில் பச்சை கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது, இன்னொரு தடவை நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அழுததாலா தூங்காததாலா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ராத்திரி நீ தூங்கறதே இல்லையா?"

"எங்க தூங்கறது, நீங்க பக்கத்துல படுத்திருக்கும்போது?"

"குறட்டையா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். அதுக்கு மேல என்னைக் கிளறாதீங்க. சில விஷயத்தை வாயால சொல்லக் கூடாது."

தன் மாமியார் வீட்டைப் பற்றி அத்தனையும் வாயால் சொல்லியிருக்கிறவள், என் குறட்டையைச் சொல்லக் கூசுகிறாள் என்றால் அது எவ்வளவு கேவலமாக இருக்க வேண்டும். ராத்திரியில் அவள் முழங்கை என் விலாவில் இறங்குவது அரைத்தூக்கத்தில் எனக்கும் தெரியும். சத்தத்துக்கான தண்டனை என்று வாங்கிக்கொள்வேன்.

டாக்டரிடம் போக மனம் வரவில்லை. ஊர்ச் சத்தத்தையெல்லாம் நிறுத்துகிறவன் தன் சத்தத்தை நிறுத்த இன்னொரு மெக்கானிக்கைத் தேடிப் போவதா? அப்படித்தான் கிளிப்பில் ஆரம்பித்தேன். கிளிப் போன கதை மேலே இருக்கிறது.

கடையில் என் கூட்டாளி என் மைத்துனன்தான், மனைவியின் தம்பி. ஃபோனில் எதையும் படித்துவிட்டு, அதைத் தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லக்கூடியவன். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும், ஒருக்களித்துப் படுத்தால் அடைக்காது என்றான். மெஷின் ஆடாமல் இருக்க அடியில் வைக்கிற ரப்பர் கட்டை ஒன்றை எடுத்து என் பனியனின் முதுகுப் பக்கம் வைத்து அவனே தைத்தும் கொடுத்தான். மல்லாந்தால் குத்தும், குத்தினால் திரும்பிவிடுவேன். நல்ல யோசனை. ஒட்டகம் எப்படித் தூங்குகிறது என்பதும் அன்று தெரிந்தது.

காலையில் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"ராத்திரி சத்தம் எப்படி?"

"குறைஞ்சிருக்கு."

"அப்போ நல்லா தூங்கினே."

"இல்ல. இன்னும் மோசம்."

வேலைக்குக் கிளம்பும்போது ஒரு காலில் அவள் செருப்பையும் இன்னொரு காலில் என் செருப்பையும் போட்டுக்கொண்டு போனாள். தெருமுனையில் திரும்புகிறபோதுதான் நான் பார்த்தேன். அவள் பார்க்கவே இல்லை.

எனக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. சத்தம் குறைந்தால் தூக்கம் கூட வேண்டும். இங்கே சத்தமும் குறைகிறது, தூக்கமும் குறைகிறது. எந்த மெஷினிலும் இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததில்லை.

மைத்துனன் என் ஃபோனில் தூக்கத்தை அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் மலைகளும் பள்ளங்களுமாகப் படம் வரைந்து காட்டியது. கடையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் மேல் ஃபோனை வைத்துக்கொண்டு அவன் பாடம் எடுத்தான்.

"தூக்கமும் நம்ம மெஷின் மாதிரிதான் மாமா. ஒரே ஓட்டமா ஓடாது. முதல்ல லேசான தூக்கம், அது ஊறவைக்கிறது. அப்புறம் ஆழ்ந்த தூக்கம், அதுதான் துவைக்கிறது. உடம்புல இருக்கற களைப்பெல்லாம் போறது அங்கதான். கடைசியா கனவு வர்ற தூக்கம்."

"அது பிழியறதா?"

"அலசறதுன்னு வெச்சுக்கோங்க. முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. விடியற வரைக்கும் இதே சுத்துதான்."

ஆழ்ந்த தூக்கத்தில் என் குறட்டை புது கம்ப்ரஸர்போல ஒரே சீராக ஓடியிருந்தது. கனவுத் தூக்கம் வந்ததும் படம் மாறியது. சத்தமே இல்லாமல் ஒரு நீண்ட கோடு. திடீரென்று ஒரு பெரிய உறுமல். மறுபடி கோடு, மறுபடி உறுமல். கனவில் இத்தனை அமைதியானவனா நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் படத்தின் அடியில் அந்த ஆப், 'உங்கள் தூக்கம் மோசம்' என்று போட்டிருந்தது.

"படுத்ததும் தூங்கினேன், விடிஞ்சுதான் எழுந்தேன். இதுல மோசம் எங்கேருந்து வந்தது?"

"அதான் எனக்கும் புரியல மாமா. குறட்டை விட்டா நல்ல தூக்கம்னு ஊர்ல சொல்றாங்க. இது கெட்ட தூக்கம்ங்குது."

"எந்த மெஷின்டா துவைக்கும்போது சத்தம் போடாது?"

அவனும் யோசித்தான், நானும் யோசித்தேன். யோசித்தபடியே நான் தூங்கிவிட்டேன். அது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. மதியத்தில் வாடிக்கையாளர் வீட்டில் மெஷினுக்குள் தலையை விட்டபடியே கண் அசந்துவிடுவேன். எவ்வளவு கவனமாக வேலை பார்க்கிறார் பாருங்கள் என்று பின்னால் நின்று பேசிக்கொள்வார்கள்.

வேறு வழியில்லாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளரும், காற்று போகிற வழி குறுகும், அதனால்தான் சத்தம் என்றார். கனவு வருகிற தூக்கத்தில் சதை இன்னும் தளர்ந்துபோகும் என்றார்.

"அப்போ சத்தம் கூடுமா டாக்டர்?"

"சிலருக்குக் கூடும். சிலருக்கு ஒரேயடியா நின்னுடும். உங்களுக்கு நடுவுல நிக்குதா?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நல்லாவே நிக்குது டாக்டர். எல்லாம் நானே பண்ணினதுதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் யார் படுப்பார்கள் என்று கேட்டார். மனைவி என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், அவளிடம்தான் சில கேள்விகள் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு உடம்பில் கம்பிகளை ஒட்டித் தூங்கவைத்து ஒரு பரிசோதனையும் செய்ய வேண்டும் என்றார்.

"நானே சொல்றேனே டாக்டர்."

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

என் பேச்சில் நம்பிக்கை இல்லாமல் சாட்சி கேட்கிறார் என்று புரிந்தது. ஆனால் இருக்கிற நிலைமையில் அவள் லீவு கேட்டால் முதலாளி நிரந்தர லீவே கொடுத்துவிடுவார். அதனால் வீட்டுக்குப் போய், டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லன்னாரா? அப்போ ராத்திரி நடக்கறது?"

"ராத்திரி என்ன நடக்குது?"

"ஒண்ணுமில்ல," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் வழியும் அடைபட்ட பிறகு மெக்கானிக்தானே மிச்சம்? பழைய மெஷினிலிருந்து கழற்றிய பெல்ட் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இழுத்துக் கட்டிக்கொண்டேன். வாய் திறந்தால்தானே சத்தம்? கண்ணாடியில் பார்த்தபோது பல்வலிக்காரன்போல இருந்தேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் இரண்டு தடவை அவள் எதிரே நடந்தேன்.

"கழுத்துல கிழுத்துல இறுக்கிடப் போகுது, அவுத்துடுங்க," என்றாள்.

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா அவுத்துடுங்க."

பெருந்தன்மையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினேன். மறுநாள் படத்தில் மலைகளே இல்லை, பெரும்பாலும் கோடு. நான் ஜெயித்துவிட்டேன். அவளோ காலை உணவின்போது தட்டில் கையை வைத்தபடியே தூங்கிப்போனாள்.

ஆப் இரவில் கேட்கிற சத்தங்களைத் துண்டு துண்டாகச் சேமித்தும் வைத்திருந்தது. கடையில் மைத்துனன் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டான். குறட்டை, குறட்டை, பிறகு ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் மெல்ல ஒரு குரல்: "ஏங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த துண்டிலும் அதே நிசப்தம், அதே குரல். "ஏங்க. ஏங்க." அதற்கடுத்து என் உறுமல்.

"அக்கா தூக்கத்துல பேசுது மாமா," என்றான் மைத்துனன்.

"என்ன பேசறா?"

"உங்களைத்தான் கூப்பிடுது. தூக்கத்துலயும் அதுக்கு உங்க நினைப்புதான்."

முதலில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. திருமணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒருத்தி தூக்கத்தில் என்னை அழைக்கிறாள். பிறகு யோசித்தபோது வெட்கம் போய்விட்டது. தூக்கத்தில்கூட அவளை நான் நிம்மதியாக விடவில்லை. பகலில் நான், இரவில் என் சத்தம், சத்தம் நின்றால் கனவில் மறுபடி நான். ஒரு மனுஷி எத்தனை நேரம்தான் என்னைப் பொறுத்துக்கொள்வாள்? அவள் தூங்க வேண்டுமானால் நான் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.

அன்று மாலை, இனிமேல் கடையிலேயே படுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"கடையிலயா? தனியாவா? யார் பாத்துப்பா?"

"என்னை எதுக்குப் பாக்கணும்? நான் என்ன கைக்குழந்தையா?"

"தம்பியையாவது கூடப் படுக்கச் சொல்லுங்க."

"அவன் தூக்கத்தையும் ஏன் கெடுக்கணும்?"

சந்தோஷத்தை மறைக்கத்தான் இப்படியெல்லாம் பேசுகிறாள் என்று முடிவு செய்து, பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாடைப் பெல்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். யாருமில்லாத இடத்தில் எதற்கு?

எங்கள் கடை ஒரு நீண்ட வரிசையில் இருக்கிறது. வரிசை முழுவதற்கும் சேர்த்து ஒரே வாட்ச்மேன். ஷட்டரை இறக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே படுத்தேன். அந்த இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண் அசந்தால் போதும், யாரோ ஷட்டரைத் தடதடவென்று தட்டினார்கள். யாரது என்று கத்தினால் செருப்புச் சத்தம் நகர்ந்து போகும். மறுபடி அசந்தால் மறுபடி தட்டு. இரும்பு ஷட்டரையும் தாண்டி என் குறட்டை வாட்ச்மேனைப் படுத்துகிறது என்று புரிந்துகொண்டு, கூச்சத்தோடு படுத்திருந்தேன்.

காலையில் வீட்டுக்கு ஓடினேன். இரவு முழுக்கத் தூங்கி எழுந்த மனைவியைப் பார்க்கப் போகிறேன் என்று ஆசை. அவள் மேஜையருகில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் நேற்றைவிடச் சிவப்பு. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மதியம் மருந்துக் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவள் பஞ்சுப் பொட்டலத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். வந்தவர்கள் அவளை எழுப்ப மனமில்லாமல் வரிசையில் நின்றிருக்கிறார்கள். நான் போனபோது அவளை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மனிதர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"ஒரு வாரம் வீட்டுல இருக்கட்டும். நல்லா தூங்கிட்டு வரட்டும். அப்பவும் இப்படித்தான்னா, அடுத்த வாரம் வர வேண்டாம். மருந்து சமாச்சாரம், நான் என்ன பண்ண?"

அவள் அழவில்லை. கவுண்டரைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு வாரமும் நான் கடையிலேயே இருக்கிறேன், பகலிலும் வரமாட்டேன், சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டேன், நீ தூங்கினால் போதும் என்றேன். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையை அசைத்துக்கொண்டு, "வேண்டாம், என் வாயால வேண்டாம்," என்று நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு எதுவுமே புரியவில்லை. புரியாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும். மாலையில் மைத்துனனோடு சேர்ந்து மெத்தையையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் அப்போதுதான் வேலைக்கு வந்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டிருந்தார். மெத்தையை இறக்கிவைத்துவிட்டு, முதலில் அவரிடம்தான் போனேன்.

"அண்ணே, ஒரு வாரம் இங்கதான் படுக்கப் போறேன். ராத்திரி ஷட்டரைத் தட்டாதீங்க."

அவர் டார்ச்சின் கண்ணாடியைத் துடைத்தார்.

"என் குறட்டை உங்களுக்குத் தொந்தரவுதான், இல்லேங்கல. காதுல பஞ்சு வேணும்னாலும் வாங்கித் தர்றேன். என் சம்சாரத்தோட வேலையே இதுலதான் தொங்கிட்டிருக்கு. நான் இங்க தூங்கினாத்தான் அவ அங்க தூங்குவா."

"குறட்டை எனக்கென்ன தொந்தரவு?" என்றார் வாட்ச்மேன். "அது கேட்டுட்டிருந்தா எனக்கு வேலை மிச்சம்."

"அப்போ எதுக்குண்ணே தட்டினீங்க?"

அவர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டம்மாதான் ராத்திரி பூரா போன்ல இருந்தாங்க மெக்கானிக் சார். 'சத்தம் கேக்கற வரைக்கும் மூச்சு விடறார்னு அர்த்தம்ணே, தூங்கட்டும், சத்தம் நின்னா மட்டும் உடனே தட்டி எழுப்பிடுங்க, வீட்டுல தினமும் முழிச்சிருந்து நான் அதைத்தான் பண்றேன்'னாங்க."